ஒட்சிசன் சென்சரை மாற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் வாகனக் கேள்வி பதில் பகுதியில் சென்ற கிழமை வெளியான ஒரு பதிலைப் படித்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிட மனம் வராமல் இதை எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய தமது பிக்கப் வண்டியில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிவதும், சில நாட்களில் தானாக அணைவதும், ஒரு மாதம் கழித்து மீண்டும் எரிவதுமாக இருக்கிறது என்றும், ஸ்கானர் போட்டுப் பார்த்தால் ஒட்சிசன் சென்சர் கோளாறு என்று காட்டுகிறது என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சென்சர் பழுதாகிவிட்டது, மாற்றிவிடுங்கள், மாற்றும் வரைக்கும் பற்றரியின் மறை முனையைப் பத்து நிமிடம் கழற்றி வைத்தால் விளக்கு அணைந்துவிடும் என்று நான்கு வரியில் அவருக்குப் பதில் சொல்லப்பட்டிருந்தது. இந்தப் பதிலின் முதற்பாதி சில வேளைகளில் சரியாக வரக்கூடும். இரண்டாம் பாதி எந்த வேளையிலும் சரியாகாது.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒரு கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பொடியனாகத் தொழிலைத் தொடங்கி, பின்னர் ஸ்காபரோவில் இருபத்தேழு வருடம் வேலைசெய்து ஓய்வு பெற்றவன் நான். பதில் எழுதிய அன்பரைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஸ்கானர் காட்டிய குறியீட்டு எண்ணையும் பார்க்காமல் வண்டியையும் பார்க்காமல் எழுதும் எவருக்கும் இந்தச் சறுக்கல் நேரும். ஆனால் அந்த நான்கு வரியை நம்பி இந்தக் குளிர்காலத்தில் சாமான் கடைக்குப் போகப்போகும் வாசகர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், இடம் சற்று அதிகம் எடுத்துக்கொண்டாலும் முழுதாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

வந்த குறியீட்டு எண் என்ன என்பது கேள்வியிலும் இல்லை. பதில் சொன்னவரும் அதைக் கேட்கவில்லை. என் முதல் முறைப்பாடு அதுதான். எஞ்சினை நடத்தும் கணினி கோளாறுகளைத் தானே கண்டு எண்ணாகக் குறித்துவைக்கும் ஓபிடி-2 என்னும் தன்-பரிசோதனை முறை அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டு வாகனங்களிலிருந்தும் கனடாவில் 1998 மாதிரி ஆண்டு வாகனங்களிலிருந்தும் கட்டாயமாக்கப்பட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஊசிகளுக்கான இடத்துடன் இருக்கும் சொக்கற்றில் ஸ்கானரைச் செருகினால், பி என்ற எழுத்தும் அதைத் தொடர்ந்து நான்கு இலக்கங்களும் வரும். ஒட்சிசன் சென்சர் தொடர்பான எண்கள் பல. சமிக்ஞையின் வோல்ற் அளவு குறைவு என்பதற்கு பி0131, அதிகம் என்பதற்கு பி0132, சமிக்ஞை மந்தமாக மாறுகிறது என்பதற்கு பி0133, அசைவே இல்லை என்பதற்கு பி0134, சூடாக்கியின் சுற்றில் கோளாறு என்பதற்கு பி0135. இவை ஐந்தும் ஒரே சென்சரைப் பற்றிப் பேசினாலும் ஐந்தும் வெவ்வேறு வழக்குகள். காய்ச்சல் என்று வந்தவருக்கும் கால் முறிந்து வந்தவருக்கும் ஒரே குளிசை கொடுக்கும் வைத்தியரிடம் நாம் இரண்டாம் முறை போகமாட்டோம்.

அந்த எண்களின் சொல்லாட்சியையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். பி0135 என்பதன் விளக்கம் 'சூடாக்கிச் சுற்று' என்றுதான் சொல்கிறது; சென்சர் பழுது என்று சொல்லவில்லை. சுற்று என்றால் பியூஸ், பியூஸிலிருந்து வரும் வயர், வழியில் உள்ள கனெக்ரர்கள், சென்சருக்குள் இருக்கும் சூடாக்கி, திரும்பிச் செல்லும் வயர், கணினிக்குள் அதை எர்த்தோடு சேர்க்கும் ஆளி என்று அத்தனையும் அடங்கும். இவற்றில் எது அறுந்தாலும் கணினிக்குத் தெரிவது ஒன்றே: ஓடவேண்டிய மின்னோட்டம் ஓடவில்லை. எங்கே அறுந்தது என்று அது சொல்லாது, சொல்லவும் தெரியாது.

சென்சர் என்ன செய்கிறது என்பதை இரண்டு வரியில் சொன்னால் பின்னால் வருவது விளங்கும். புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் அந்தச் சாமானுக்குள் சேர்க்கோனியாப் பீங்கானாலான ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. அதன் வெளிப்புறத்தைப் புகை தொடுகிறது. உட்புறத்தை வெளிக்காற்றுத் தொடுகிறது. ஏறக்குறைய 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானதும், இரண்டு பக்கத்து ஒட்சிசன் அளவு வித்தியாசத்துக்கு ஏற்ப அது ஒரு சிறு மின்கலம்போல வோல்ற்றைப் பிறப்பிக்கிறது. புகையில் ஒட்சிசன் மிஞ்சினால் 0.1 வோல்ற் அளவு. பெற்றோல் மிகுந்து ஒட்சிசன் எரிந்து தீர்ந்தால் 0.9 வோல்ற் அளவு. திணிவின்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சமநிலையை மையமாக வைத்து அந்த வோல்ற் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்க, கணினி அதைப் பார்த்துப் பார்த்துப் பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. 1970களின் நடுப்பகுதியில் பொஷ் நிறுவனம் செய்து வொல்வோ கார்களில் முதன்முதல் பொருத்தப்பட்டபோது இதற்குச் சூடாக்கி இருக்கவில்லை. புகையின் சூட்டை நம்பியே இருந்தது. பின்னர் வந்தவற்றுக்குள் ஒரு சூடாக்கிக் கம்பி வைக்கப்பட்டது. அதனால்தான் பெரும்பாலான பழைய பிக்கப்களில் இந்தச் சென்சரிலிருந்து நான்கு வயர்கள் வருவதைக் காணலாம்: சூடாக்கிக்கு இரண்டு, சமிக்ஞைக்கு இரண்டு.

இனி என் கையில் வந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். என் மைத்துனர் சுவர்ப்பலகை பூட்டும் ஒப்பந்த வேலை செய்பவர். அவரிடம் 1999ஆம் ஆண்டு ஆறு சிலிண்டர் பிக்கப் ஒன்று இருக்கிறது. மூன்று குளிர்காலத்துக்கு முன் அதற்கு பி0135 வந்தது. ஒரு கராஜில் சென்சர் மாற்றினார்கள், விளக்கு அணைந்தது, பத்தொன்பதாம் நாள் திரும்ப வந்தது. புதுச் சாமானே பழுது என்று உத்தரவாதத்தில் இன்னொன்று போட்டார்கள். மூன்று கிழமைக்கு மேல் நன்றாக ஓடி, மீண்டும் அதே எண். மூன்றாவது தடவை போனபோது கணினியையே மாற்றவேண்டும் என்றும், அதற்கு இவ்வளவு காசு என்றும் சொன்னார்கள். அந்தத் தொகை வண்டியின் விலையில் ஏறக்குறையப் பாதி. அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். மைத்துனரிடம் இலவசமாக வேலை வாங்குவது அழகல்ல என்று நினைத்து முதலில் வரவில்லையாம்.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, எப்போது வருகிறது என்பது. திடீர் திடீரென்று வருகிறது என்றார். விட்டுவிட்டு வரும் கோளாறு எதுவும் காரணமில்லாமல் வருவதில்லை. அது வரும் நேரத்துக்கும் வேறொன்றுக்கும் தொடர்பு இருக்கும், அந்தத் தொடர்பை நாம் இன்னும் காணவில்லை என்பதுதான் 'திடீர்' என்ற சொல்லின் பொருள். ஆகவே வண்டியைத் தொடாமல், ஒரு கொப்பியையும் ஒரு சிறிய ஸ்கானரையும் கொடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஸ்கானரைச் செருகி, 'நிலுவைக் குறியீடு' ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, திகதி, வெளிக்குளிர், மழையா பனியா, தெரு ஈரமா காய்ந்ததா, எவ்வளவு தூரம் ஓடியது என்பவற்றை எழுதச் சொன்னேன்.

நிலுவைக் குறியீட்டை ஏன் பார்க்கச் சொன்னேன் என்பதை இங்கே விளக்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியும் நாள் பெரும்பாலும் கோளாறு தொடங்கிய நாள் அன்று. இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவற்றைக் கணினி முதல் ஓட்டத்தில் கண்டதும் விளக்கை எரிக்காது; மனதுக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறைக் கண்டால்தான் விளக்கை எரிக்கும். அதன்பின் அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கைத் தானே அணைத்துவிடும். ஆனால் எண்ணை உடனே மறக்காது, எஞ்சின் ஏறக்குறைய நாற்பது தடவை சூடேறி ஆறும் வரைக்கும் நினைவில் வைத்திருக்கும். ஆக விளக்கை மட்டும் நம்பி, நேற்று எரிந்தது இன்று அணைந்தது என்று கணக்கு வைத்தால் நமது கணக்கு எப்போதும் பிந்தியே இருக்கும். தங்கள் வாசகருக்கு விளக்குத் தானாக அணைவதும் இதனால்தான். வண்டி தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளவில்லை.

ஏழு கிழமைக்குப் பின் கொப்பி வந்தது. எட்டுத் தடவை நிலுவைக் குறியீடு. அவற்றில் ஆறு, பனி கொட்டித் தெருவுக்கு உப்புப் போட்ட நாளிலோ அதற்கு அடுத்த நாளிலோ விழுந்திருந்தன. ஒன்று, வண்டி கழுவிய நாள். வெளியே மறை 20 பாகை, ஆனால் தெரு காய்ந்து கிடந்த நாட்களில் ஒன்றுமே இல்லை. விளக்கு எரிந்த கணத்தில் கணினி எடுத்து வைத்திருந்த 'உறைநிலைப் பதிவையும்' பார்த்தேன்: எஞ்சின் தண்ணீரின் சூடு 88 பாகை, வேகம் மணிக்கு 62 கிலோமீற்றர். அதாவது காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வரும் வியாதியன்று. வண்டி நன்றாகச் சூடேறி, தெருவில் குலுங்கி, முன் ரயர் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு ஓடும்போது வரும் வியாதி. சென்சருக்குள் இருக்கும் சூடாக்கிக்குத் தெரு ஈரமா காய்ந்ததா என்று தெரியாது. வயருக்கும் கனெக்ரருக்கும் தெரியும். வண்டிக்குக் கீழே படுப்பதற்கு முன்பே வழக்கின் பாதி முடிந்துவிட்டது.

பியூஸை நான் நீண்ட நேரம் பார்க்கவில்லை. அந்த வண்டியில் உள்ள நான்கு ஒட்சிசன் சென்சர்களின் சூடாக்கிகளுக்கும் ஒரே பியூஸிலிருந்து மின் போகிறது; அது எரிந்திருந்தால் நான்கு சென்சர்களுக்கும் எண் விழுந்திருக்கும். ஒன்றுக்கு மட்டும் விழுவதால், நான்குக்கும் பொதுவான எதுவும் குற்றவாளி ஆக முடியாது. எஞ்சின் முழுதாக ஆறியபின் சென்சரின் கனெக்ரரைக் கழற்றிச் சூடாக்கியின் தடையை அளந்தேன். 6 ஓம் காட்டியது, அந்த வண்டிக்கு உரிய அளவுதான். பிறகு திறப்பை ஓன் செய்து, வண்டியின் பக்கத்து முனையில் வோல்ற் பார்த்தேன், 12.3. இந்த இடத்தில்தான் முன்பு பார்த்தவர்கள் நின்றிருக்க வேண்டும். மின் வருகிறது, சென்சருக்கு மேல் குற்றம் இல்லை, வயருக்கு மேலும் குற்றம் இல்லை, எஞ்சியது கணினி என்று அவர்கள் முடிவுகட்டியதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மல்ரிமீற்றர் இந்த விடயத்தில் பொய் சொல்லும் கருவி. அது இழுக்கும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லிவிடலாம். பத்தொன்பது இழை அறுந்து ஒரே ஒரு செப்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், முனை முழுதும் களிம்பு ஏறியிருந்தாலும், அது 12 வோல்ற் என்றே காட்டும். சூடாக்கிக்கு வேண்டியது வோல்ற் மட்டுமன்று, ஓர் அம்பியர் இரண்டு அம்பியர் சுமை. ஒற்றையடிப் பாலம் இருக்கிறது என்பதற்காக லொறி போகலாம் என்று சொல்ல முடியாது.

ஆகவே பிறேக் விளக்கில் போடும் 21 வாற்று பல்ப் ஒன்றை எடுத்து, மின் வரும் முனைக்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையில் கொடுத்தேன். கணினியின் ஆளி வழியாக இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது, அது வேறு செலவுக்கு வழிவைக்கும். பல்ப் பிரகாசமாக எரிந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே வயர்க்கட்டை எஞ்சின் பக்கத்திலிருந்து கனெக்ரர் வரை அங்குலம் அங்குலமாக ஆட்டிக்கொண்டு வந்தேன். கியர்ப்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு மேலே, சரியாக முன் ரயரின் தண்ணீர் வந்து விழும் இடத்தில், கனெக்ரரைத் தொட்டதும் பல்ப் மங்கியது. கையை எடுத்ததும் பிரகாசித்தது.

கனெக்ரரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டு விடயங்கள் தெரிந்தன. தண்ணீர் புகாமல் தடுக்கும் றப்பர் வளையம் இல்லை. முதல் சென்சரை மாற்றியபோதோ இரண்டாவதை மாற்றியபோதோ பழையதுடன் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டாவது, பெண் முனைகள் நான்கில் ஒன்று வாய் அகன்றிருந்தது. அதே அளவான உதிரி ஆண் ஊசி ஒன்றை மற்ற மூன்றிலும் செருகி இழுத்தால் பிடித்துக்கொண்டு வந்தது. இதில் செருகினால் தானாகக் கழன்று விழுந்தது. யாரோ மல்ரிமீற்றரின் தடித்த முனையை அதற்குள் பலவந்தமாகத் திணித்து அளந்திருக்கிறார்கள். கோளாறைத் தேடியவரே கோளாறைப் பெரிதாக்கிவிட்டுப் போயிருக்கிறார் என்பது எங்கள் தொழில்காரருக்குக் கசப்பாக இருக்கும், ஆனால் நான் கண்டது அதுதான். கனெக்ரருக்குள் அளக்கவேண்டுமானால் பின்பக்கத்தால், வயரோடு ஒட்டி, மெல்லிய ஊசியைச் செருகித்தான் அளக்க வேண்டும்.

இப்போது தங்கள் வாசகர்கள் மிகவும் கவனிக்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன். முனைதான் பழுது என்றால், சென்சர் மாற்றிய ஒவ்வொரு தடவையும் மூன்று கிழமை நன்றாக ஓடியது எப்படி? சென்சரை மாற்றுவதென்றால் கனெக்ரரைக் கழற்றிப் பூட்டவேண்டும். கழற்றிப் பூட்டும்போது ஊசி முனையை உரசி, களிம்பைச் சுரண்டி, புது உலோகத்தைப் புது உலோகத்தோடு சேர்க்கிறது. உப்புத் தண்ணீர் மறுபடி அந்த இடத்தைத் தின்னும் வரைக்கும் எல்லாம் நலம். காசு கொடுத்து வாங்கிய சென்சருக்குப் போன பெயர் உண்மையில் அந்த உரசலுக்குப் போகவேண்டிய பெயர். பழைய சென்சரையே கழற்றி மறுபடி பூட்டியிருந்தாலும் அதே மூன்று கிழமை கிடைத்திருக்கும். 'மாற்றினேன், சரியாகிவிட்டது' என்று சொல்லும் பலரும் மாற்றியதைத்தான் சொல்கிறார்கள். எது சரியாக்கியது என்பது அவர்களுக்கும் தெரியாது, மாற்றிக் கொடுத்தவருக்கும் தெரியாது.

பழைய வாகனங்களை உடைக்கும் முற்றத்தில் அதே ரக வண்டி ஒன்றிலிருந்து கனெக்ரரை ஒரு சாண் வயரோடு வெட்டிக்கொண்டு வந்து, வண்டியின் பக்கத்தில் நசுக்கி இணைத்து, உள்ளே பசை தடவிய சுருங்கு குழாய் போட்டு மூடினேன். சென்சரின் சொந்த வயர்களை மட்டும் ஒருபோதும் ஈயம் வைத்து ஒட்டக்கூடாது, அதன் கனெக்ரருக்குள் கிறீஸோ ஸ்பிரேயோ அடிக்கவும் கூடாது. பல சென்சர்கள் குப்பியின் உட்புறத்துக்கு வேண்டிய வெளிக்காற்றை வயரின் செப்பு இழைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. அதை அடைத்தால் நல்ல சென்சரும் பிழையாகப் பேசத் தொடங்கும். வயரைப் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டிவிட்டேன். சாமான் செலவு இரண்டு பேர் மத்தியானம் சாப்பிடும் காசுக்குக் குறைவு. இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது, பி0135 வரவில்லை. இரண்டாவது தடவை போட்ட சென்சர்தான் இன்றும் வண்டியில் இருக்கிறது.

எல்லா ஒட்சிசன் சென்சர் எண்ணும் வயரில்தான் போய் முடியும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பி0131 போன்ற சமிக்ஞை எண்களில் சென்சர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. நமக்கு அந்த உண்மை பிடிக்கவில்லை. தூதனாக வந்தவனைக் கொல்லலாகாது என்று வீடணன் எடுத்துச் சொல்லியும் வாலில் தீ வைத்ததில் எரிந்தது யாருடைய ஊர் என்பது நமக்குத் தெரியும். புகையில் ஒட்சிசன் மிகுதி என்று சென்சர் சொன்னால், அந்த ஒட்சிசன் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் காஸ்கற் வெடித்திருந்தாலோ போல்ற் முறிந்திருந்தாலோ, புகை வெளியே வருவது மட்டுமல்ல, ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. சென்சருக்கு முன்னால் இது நடந்தால், பெற்றோல் சரியாக இருந்தும் குறைவென்று கணினி ஏமாறும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும் அதன் எரியாத ஒட்சிசன் முழுதும் புகையில் போகும். எரியாத பெற்றோல் கூடவே போகிறதே என்று கேட்கலாம், ஆனால் இந்தச் சென்சர் எண்ணுவது ஒட்சிசனை மட்டும். காற்றுக்குழாய் வெடிப்பு, அழுக்கேறிய காற்றளவுச் சென்சர், பலவீனமான பெற்றோல் பம்ப் எல்லாமே இதே எண்ணில் வந்து நிற்கலாம்.

இவற்றைப் பிரித்தறியக் கணினியே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எரிபொருள் திருத்தம் என்று ஸ்கானரில் சதவீதமாக வரும். குறுங்காலத் திருத்தத்தையும் நெடுங்காலத் திருத்தத்தையும் கூட்டி, 10 சதவீதத்துக்கு மேல் நேர்ப்பக்கம் நின்றால் கணினி பெற்றோலை இயல்புக்கு மேல் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வி வடிவ எஞ்சினில் இரண்டு பக்கமும் அப்படி நின்றால் காரணம் இரண்டுக்கும் பொதுவானது. ஒரு பக்கம் மட்டும் நின்றால் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் போதும். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: முதலாவது பாங்க் என்பது முதலாம் இலக்கச் சிலிண்டர் இருக்கும் பக்கம், அது சாரதிப் பக்கமா மற்றப் பக்கமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பழுதான பக்கத்தை விட்டுவிட்டு நல்ல பக்கத்துச் சென்சரை மாற்றிவிட்டு வந்தவர்களை நான் விரல்விட்டு எண்ண முடியாது.

பி0133 வந்து, திருத்தங்களும் புகைக்குழாயும் ஒழுங்காக இருந்து, வண்டியும் ஒரே சென்சரோடு 160,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருந்தால், தங்கள் பகுதியில் சொன்ன பதிலே சரியான பதில். சென்சருக்கு வயது போவது உண்மை. எண்ணெய் எரிக்கும் எஞ்சினும், உள்ளே கசியும் குளிர்நீரும், தகுதியற்ற சிலிக்கோன் பசையும் அதன் முகத்தில் படிந்து அதை மந்தமாக்கும். மாற்றுவதானால் எஞ்சின் சற்றுச் சூடாக இருக்கும்போது, வயருக்கு வெட்டுவிட்ட 22 மில்லிமீற்றர் சொக்கற்றால் கழற்றினால் புரி சேதமாகாது.

பற்றரியைக் கழற்றும் யோசனைக்கு வருகிறேன். அது விளக்கை மட்டும் அணைப்பதில்லை. உறைநிலைப் பதிவு போகிறது. நிலுவைக் குறியீடு போகிறது. கணினி மாதக்கணக்கில் கற்று வைத்த எரிபொருள் திருத்தம் போகிறது. தன்-பரிசோதனைகள் முடிந்தனவா என்ற கணக்கும் தொடக்கத்துக்குப் போகிறது. களவு நடந்த வீட்டைக் கூட்டிக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் பொலிசைக் கூப்பிடுவதற்கு ஒப்பானது இது. ஒன்ராறியோவில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 1999இல் தொடங்கிய 'ட்ரைவ் கிளீன்' என்னும் வாகனப் புகைச் சோதனை, 2013 முதல் 1998 மற்றும் அதற்குப் பிந்திய வாகனங்களின் புகையை அளப்பதை விட்டுக் கணினியை வாசிக்கத் தொடங்கியதும், சோதனைக்கு முதல்நாள் பற்றரியைக் கழற்றுவது ஒரு தந்திரமாகப் பரவியது. பரிசோதனைகள் முடியவில்லை என்று கணினியே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அது அப்போதும் பெரிதாகப் பலிக்கவில்லை. 2019 ஏப்ரலில் இலகு வாகனங்களுக்கான அந்தச் சோதனையே நிறுத்தப்பட்டது. தந்திரம் மட்டும் நம்மவர்களிடம் மிஞ்சியிருக்கிறது.

விளக்கு எரிந்தவுடன் பயந்து வண்டியைத் தெருவோரம் நிறுத்தவும் தேவையில்லை. நிலையாக எரியும் விளக்கு, நேரம் ஒதுக்கிப் பார்க்கச் சொல்கிறது. மினுங்கி மினுங்கி எரியும் விளக்கு வேறு; ஒரு சிலிண்டர் மோசமாக எரியாமல் விடுகிறது, எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கன்வேர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக் கெடுக்கப்போகிறது என்று அது சொல்கிறது; அப்போது ஓட்டத்தைக் குறைக்கத்தான் வேண்டும். சூடாக்கி எண்ணோடு சில கிழமை ஓடினால் வண்டி நின்றுவிடாது. சென்சர் சூடேறும் வரை கணினி குத்துமதிப்பில் பெற்றோல் விடுவதால் செலவும் கரியும் சற்றுக் கூடும். கொப்பி எழுதுவதற்கு அந்த அவகாசம் போதும்.

கராஜ் வைத்திருப்பவர்களின் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. சாமானுக்குக் காசு கொடுக்கும் நம்மவர்கள், கண்டுபிடித்ததற்குக் காசு கொடுக்க மறுக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் வண்டிக்குக் கீழே படுத்து வயரைத் தேடிப் பிடித்தவர் அந்த மணித்தியாலத்துக்குக் கூலி கேட்டால், 'ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் காசு' என்கிறோம். அப்படிக் கேட்கும் ஊரில் மெக்கானிக் சாமான் விற்கத்தான் செய்வார். என் மைத்துனர் இரண்டு தடவை கொடுத்ததில் பாதியை முதல் நாளே ஒரு மணித்தியாலப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் போதும். எண்ணை இலவசமாக வாசித்துச் சொல்லும் சாமான் கடைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவர்கள் வாசிப்பது விற்பதற்காக. கராஜில் கேட்கவேண்டிய கேள்வி, 'எந்தச் சாமான்' என்பதன்று. 'என்ன சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்' என்பது. நல்ல வேலைக்காரர் அதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார். மீற்றரில் கண்ட எண்ணைச் சொல்லுவார்.

தங்கள் பகுதிக்கு இனி வரும் கேள்விகளில் குறியீட்டு எண், வண்டியின் ஆண்டு, எத்தனை சிலிண்டர், ஓடிய தூரம் ஆகியவற்றைக் கட்டாயம் எழுதும்படி ஒரு குறிப்பைச் சேர்த்தால் பதில் எழுதுபவருக்கும் அது உதவியாக இருக்கும் என்பது என் வேண்டுகோள். கேள்வி கேட்ட அந்த வாசகர் இன்னும் சென்சர் வாங்கியிராவிட்டால், வாங்காமல் இருக்கட்டும். பற்றரியையும் தொடாமல் இருக்கட்டும். ஒரு கொப்பியில் மூன்று நான்கு கிழமை எழுதி, எண்ணோடும் உறைநிலைப் பதிவோடும் தங்கள் முகவரிக்கு அனுப்பினால், பார்த்துப் பதில் எழுத நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வாகனத் திருத்துநர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.